நான்காவதாக வந்தவள்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயில் வழியாக ஆவடி வரை சி.டி.எச். சாலையின் இரு பக்கமும் ஜிம்கள் பெருகிவிட்டன. கீழே டைல்ஸ் கடை, மருந்துக் கடை, செல்போன் கடை, மாடியில் ஜிம். மாலையில் தொழிற்பேட்டை ஷிப்டு முடித்து வரும் பையன்கள் படிக்கட்டிலேயே ஷூ மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தேகப்பயிற்சிசாலை என்று ஓடு வேய்ந்த கூடங்கள் இருந்தன. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி, சுவரில் ஒரு அனுமார் படம். இப்போது சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு மேலே அர்னால்டு. ஆணழகன் போட்டி வரும்போது சாலை நெடுக ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். மிஸ்டர் திருவள்ளூர், மிஸ்டர் சென்னை, மிஸ்டர் தமிழ்நாடு.

மேடைக்கு ஒரு உடல் வந்து நின்றதும் கூட்டத்தில் முதலில் எழுகிற கேள்வி: “நேச்சுரலா, போட்டதா?” அந்த உடலுக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருந்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து அது தப்ப முடிவதில்லை. போட்டது என்றால் ஊசி. டெக்கா, டி-பால், டெஸ்ட் என்று பெயர்களைப் பையன்கள் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று ‘சைக்கிள்’ போகிறார்கள். மாஸ்டர் சொல்வதுதான் அளவு. பல இடங்களில் ஓர் இரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும் நோயாளிக்கு மருத்துவமனையில் கொடுக்கும் மெஃபென்டர்மின், களைப்புத் தெரியாமல் எடை தூக்குவதற்கான ஊசியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2023ல் ஆவடிப் பக்கத்தில் ஓர் இளம் ஜிம் பயிற்சியாளர் இரத்த வாந்தி எடுத்து இறந்தபோது, ஸ்டீராய்டு ஊசிகளால் சிறுநீரகம் பழுதானதுதான் காரணம் என்று நாளிதழ்கள் எழுதின. சில நாள் பேசினார்கள். பிறகு அடுத்த போட்டிக்கான ஃப்ளெக்ஸ் வந்தது.

டெக்கா என்று பையன்கள் சொல்வது நாண்ட்ரோலோன். ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைச் சற்றே மாற்றிச் செய்த மருந்து. எலும்பு தேய்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்து இரத்தசோகையில் கிடப்பவர்களுக்கும் மருத்துவர்கள் இதை எழுதித் தந்திருக்கிறார்கள். உடல் புரதத்தைத் தசையாக்கும் வேகத்தை இது கூட்டுகிறது. கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் தேறி எழ வேண்டிய உடல், அதற்கு முன்பே எழுந்துவிடுகிறது. ஓட்டக்காரருக்கு இதில் கிடைக்கும் லாபம் தசையின் பருமனைவிட இந்தத் தேறுதல்தான். மற்றவர் மூன்று நாள் கடும் பயிற்சி செய்யும் வாரத்தில் இவர் ஐந்து நாள் செய்யலாம். அதற்கான விலையை உடல் வேறிடத்தில் கொடுக்கிறது. நல்ல கொழுப்பு குறைகிறது, இதயச் சுவர் தடிக்கிறது, ஆண்களுக்கு விந்தணு சுரப்பு வற்றுகிறது, பெண்களுக்குக் குரல் உடைந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது என்பது சட்டம்.

இந்த ஒரு மருந்தின் பெயரால்தான் 2019ல் தமிழ்நாடு ஒரு தங்கத்தை இழந்தது.

திருச்சியை அடுத்த முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, அந்த ஆண்டு ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். நேரம் 2 நிமிடம் 2.70 வினாடி. வயது 30. கூலி வேலை செய்த அப்பா, மகள் சத்தாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக மாட்டுக்கு வைத்த தீவனத்தைத் தான் தின்றதாகக் கோமதி சொன்னபோது கேட்டவர்கள் கலங்கினார்கள். கால்களில் வெவ்வேறு நிறத்தில் இரண்டு ஷூக்கள். அரசியல் கட்சிகளும் திரைத்துறையினரும் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தார்கள். ஒரு மாதம்கூட முழுதாக அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை தொடங்கி மே மாதம் வரை எடுக்கப்பட்ட நான்கு மாதிரிகளில் நாண்ட்ரோலோனின் தடயம் இருந்தது. தான் அறிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். தடகள நேர்மை ஆணையம் ஏற்கவில்லை. நான்கு ஆண்டு தடை, பதக்கம் பறிபோனது, மேல்முறையீடும் தோற்றது.

இதில் என் மனத்தை விட்டு அகலாதது பாட்டியாலா மாதிரி. அது எடுக்கப்பட்டது தோஹாவுக்கு ஒரு மாதம் முன்பு. அதன் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் கோமதி தோஹாவுக்குப் போயே இருக்க மாட்டார். அந்தத் தங்கமும், விமான நிலைய மாலைகளும், பிறகு வந்த அவமானமும் நடந்திருக்காது. ஒரு குப்பி சிறுநீர் எங்கேயோ வரிசையில் காத்திருந்தது. அதற்குள் ஒரு கிராமத்தையே தோளில் தூக்கி ஆடிவிட்டோம். அதே ஆண்டு ஆகஸ்டில், டெல்லியில் இருக்கும் தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா இடைநீக்கம் செய்தது. அது திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் வரை ஆயிற்று. அதுவரை நம் வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போய்வந்தன.

தோஹாவில் இரண்டாவதாக வந்தவர் சீனாவின் வாங் சுன்யூ. பின்னால் தங்கம் அவருக்கு மாற்றித் தரப்பட்டது. 2021ல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஐந்தாவதாக ஓடி முடித்தவர் அவர். உலகம் அவரை அறியும். மூன்றாவதாக வந்தவருக்கு வெள்ளி. நான்காவதாக வந்தவருக்கு வெண்கலம் என்று ஏட்டில் எழுதியிருப்பார்கள். மேடை ஏறி நின்று, தன் நாட்டுக் கொடி மேலே போவதைப் பார்த்து அழ வேண்டிய நாளில் அவர் உடைமாற்றும் அறையில் இருந்திருப்பார். பின்பு தபாலில் வரும் பதக்கத்துக்கு அந்த நாளைத் திருப்பித் தரும் சக்தி இல்லை.

ஊக்கமருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சிக்கியவரைப் பற்றியே எழுதுகிறோம். அவருடைய வறுமை, அவருடைய கண்ணீர், அவருடைய பொய் அல்லது அவருக்கு நேர்ந்த அநீதி. களவு கொடுத்தவர் யார் என்று கேட்பதே இல்லை. களவு கொடுத்தவருக்கு முகம் இல்லை என்பதுதான் இந்தக் களவின் தனித்தன்மை. நான்காவதாக வந்தவருக்குத் தன்னிடமிருந்து ஏதோ எடுக்கப்பட்டது என்றே பல சமயம் தெரியாது. தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடுவதை விட்டுவிடுவார்.

ஆவடியில் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு நெடுநாளாக ஓட்டம் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். விடியும் முன்பே வந்துவிடும் பிள்ளைகள் அவர்கள். பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் மின்சார ரயிலில் வருகிறவர்களும் உண்டு.

“சார், இதுங்களுக்கு ஒலிம்பிக்லாம் பெரிசா தெரியாது. ஃபார்ம் டூ தெரியும். போலீஸ் வேலை தெரியும். அப்பா ஆட்டோ ஓட்டுவாரு, அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனி. ஒரு பொண்ணு உள்ள போயிட்டா அந்த வீடே நிமிந்துடும் சார்.”

“ஊசி கீசி போடறாங்களா?”

“நம்மகிட்ட இல்ல. ஆனா ஸ்டேட் மீட்ல ஒரு பொண்ணு ரெண்டு மாசத்துல நாலு செகண்டு கொறச்சிட்டு வந்து நிக்குது. நான் என்னன்னு சொல்றது? வாயத் தொறந்தா பொறாமைம்பாங்க. நம்ம பொண்ணு நாலாவதா வந்துட்டு திரும்ப வர்ற பஸ் முழுக்க அழுதுட்டே வந்துது. அதுகிட்ட நான் என்ன சார் சொல்லட்டும்?”

அந்த இரண்டு மாதத்தில் நான்கு வினாடி குறைத்த பெண் எதையும் எடுத்துக்கொள்ளாமல்கூட இருக்கலாம். பதினாறு வயதில் உடல் சட்டென்று மலர்வது உண்டு. நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் நேரம் விழுவதும் உண்டு. ஆனால் அதைப் பார்த்து வியக்க வேண்டிய ஒரு வாத்தியாருக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. ஆணழகன் மேடைக்குக் கீழே எழுகிற கேள்வி ஓட்டப்பாதைக்கும் வந்துவிட்டது. மருந்து எடுக்காத பெண்ணின் வெற்றியையும் மருந்து தின்றுவிடுகிறது.

ஃபார்ம் டூ என்று அவர் சொன்னதை விளையாட்டுப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் ஒன், மாநிலத்துக்காக ஆடியவருக்கு ஃபார்ம் டூ, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு ஃபார்ம் த்ரீ. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பணியிடங்களில் 10 சதவீதத்தை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்குகிறது. மற்ற அரசுப் பணிகளில் 3 சதவீதம். ரயில்வே, வருமான வரித்துறை, வங்கிகள் தனியாக ஆள் எடுக்கின்றன. மாநில அணியில் ஓர் ஓட்டத்துக்கு இருவரையோ மூவரையோதான் அனுப்புவார்கள். ஆகவே மாநிலப் போட்டியில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே இருக்கும் அரை வினாடியில், ஓய்வுபெறும் வயது வரைக்குமான ஒரு சம்பளம் இருக்கிறது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்துக்காக ஒருவன் ஊசி போட்டுக்கொண்டான் என்றால் நம்மில் பலர் பேராசை என்று சொல்லிவிடுவோம். இங்கே அது மாதம் பிறந்தால் வீட்டு வாடகை கொடுக்க முடிகிற ஒரு வேலைக்காக. அதனால்தான் நமக்குக் கோபம் வர மறுக்கிறது. பாவம், ஏழைப் பிள்ளை என்கிறோம்.

நான்காவதாக வந்தவளும் ஏழைப் பிள்ளைதான். அவளும் அதே ரயிலில்தான் வந்தாள்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆனால் ஒரு ஆட்டத்தின் நேர்மை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அதைப்போல முழுதாகப் பதிவுசெய்த ஆட்டம் வேறில்லை. 1994 ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அமெரிக்கப் பேஸ்பால் நின்றுபோனது. அந்த ஆண்டின் உலகத் தொடரே நடக்கவில்லை. கோபம்கொண்ட ரசிகர்கள் அரங்கத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது 1998ன் கோடைக்காலம். ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் என்று ரோஜர் மாரிஸ் 1961ல் வைத்த சாதனையை மார்க் மக்வயரும் சாமி சோசாவும் மாறி மாறித் துரத்தினார்கள். பந்து எல்லை தாண்டிப் போய் விழுந்துகொண்டே இருந்தது. மக்வயர் 70, சோசா 66. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது.

அந்தத் துரத்தலின் நடுவில், ஆகஸ்ட் மாதத்தில், அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன் மக்வயருடைய அலமாரித் தட்டில் ஒரு பாட்டிலைப் பார்த்தார். ஆண்ட்ரோஸ்டீன்டையோன். உடலுக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிற பொருள். ஒலிம்பிக்கில் தடைசெய்யப்பட்டிருந்தது, அமெரிக்கக் கால்பந்தில் தடைசெய்யப்பட்டிருந்தது, பேஸ்பாலில் மட்டும் தடை இல்லை. வில்ஸ்டீன் எழுதினார். வசவு விழுந்தது எழுதியவர்மேல். மக்வயருடைய அணியின் மேலாளர் டோனி லா ரூசா, அந்தச் செய்தி நிறுவனத்தையே அணியின் அறைக்குள் விடக் கூடாது என்றார். பாட்டில் மூடி வைக்கப்பட்டிருக்கவில்லை, ஒளித்தும் வைக்கப்பட்டிருக்கவில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி தட்டில்தான் இருந்தது. பார்க்க யாருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதாக மக்வயர் வாய்திறந்து ஒப்புக்கொண்டது 2010ல்.

2001ல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்தார். 2003ல் பெயர் குறிக்காமல் எல்லா வீரர்களையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் மேல் சிக்கினார்கள்; சோதனை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தும் அத்தனை பேர். அந்த ஆண்டுதான் டெக்சஸ் மாநிலத்தில் பள்ளி அணியில் பேஸ்பால் ஆடிய பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஸ்டீராய்டு எடுத்து, மனம் குலைந்து, உயிரை மாய்த்துக்கொண்டான். 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அவனுடைய அப்பா பேசினார். அதே நாளில், அதே அறையில், மக்வயர் பழையதைப் பேச மறுத்தார். அம்பத்தூர் மாடி ஜிம்மில் டெக்கா கேட்கிற பையன் பேஸ்பாலைப் பார்த்ததே இல்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் எதைக் கண்டும் காணாமல் விடுகிறார்களோ அது கீழே பிள்ளைகளிடம் வந்து சேரும் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பேஸ்பாலின் ஊக்கமருந்துப் பழக்கத்தை விசாரித்து 2007 டிசம்பரில் வெளிவந்த மிட்செல் அறிக்கையில் 89 வீரர்களின் பெயர்கள் இருந்தன. ஆணையர்கள், அணி நிர்வாகங்கள், வீரர் சங்கம், வீரர்கள் எல்லாருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று மிட்செல் எழுதினார். தண்டனை என்று வந்தபோது கணக்கு வேறு மாதிரி ஆயிற்று. பேஸ்பாலின் புகழ்க் கூடத்துக்காகச் செய்தியாளர்கள் நடத்தும் வாக்கெடுப்பில் பாரி பாண்ட்ஸும் ரோஜர் கிளெமென்ஸும் பத்து ஆண்டு முயன்று 2022ல் அதில் கடைசி வாய்ப்பையும் இழந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் ஆணையராக இருந்த பட் செலிக் 2017ல் அந்தக் கூடத்தில் சேர்க்கப்பட்டார். லா ரூசாவை 2014லேயே சேர்த்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெளியே. அந்த ஊசியால் நிரம்பிய அரங்கங்களை நடத்தியவர்கள் உள்ளே. எனக்கு பாண்ட்ஸ்மேல் பரிவு இல்லை. ஆனால் இந்தக் காட்சியைப் பார்க்கும்போது கோமதிமீதான தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. அதில் இருக்கும் ஒரே பெயர் அவருடையது.

நம் நாட்டிலும் ஒரு முறை அந்தத் தண்டனை வட்டம் கொஞ்சம் விரிந்தது. 2011ல் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் முதலான தொடரோட்ட வீராங்கனைகள் வரிசையாகச் சிக்கினார்கள். முந்தைய ஆண்டு டெல்லி காமன்வெல்த்தில் நாடே கொண்டாடிய தங்கங்கள் அவர்கள். உக்ரைன் பயிற்சியாளர் யூரி ஒகொரோட்னிக் நீக்கப்பட்டார். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், பல பெயர்கள். 2021ல் 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையை முறியடித்த திருச்சிப் பெண் தனலட்சுமி, 2022ல் மெட்டான்டியெனோன் என்ற ஸ்டீராய்டுக்காகத் தடை பெற்றார். பர்மிங்காம் காமன்வெல்த்துக்குப் போக வேண்டியவர் வீட்டில் இருந்தார். இதுவும் கிராமம். இங்கே அப்பா இல்லாத வீடு, தனியாளாக வளர்த்த அம்மா. கதை ஒன்றாகவே இருக்கும்போது அதைத் தனி ஒருவரின் சறுக்கல் என்று எத்தனை முறை சொல்வது?

வாடாவின் கணக்கில் 2022ல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125 சிக்கின. 2023ல் 5,606ல் 214. 2024ல் 7,113ல் 260. அதிகமாகச் சோதிக்கும் நாடுகளில் சிக்கும் விகிதத்தில் அந்த மூன்று ஆண்டும் நமக்குத்தான் முதலிடம். சோதனை கூடியதால் சிக்குகிறார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நம்மைவிடக் கூடுதலாகச் சோதிக்கும் நாடுகளில் இந்த விகிதம் இல்லை என்பதால் அந்த விளக்கம் நிற்பதில்லை.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்ததை நம்புவது கடினம், ஆனால் நடந்தது. ஜவகர்லால் நேரு அரங்கின் கழிப்பறையில் ஊசிகள் கிடக்கும் காணொளி பரவியது. அடுத்து ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஓடுதளத்தில் வந்து நின்றவர் ஒரே ஒருவர். மற்ற ஏழு பேருக்கும் தசைப்பிடிப்பு, வலி என்று காரணங்கள். ஓட்டம் முடிந்த பிறகும் நிற்காமல், சோதனை அதிகாரியிடமிருந்து ஓடிக்கொண்டே போன பெண்ணைப் பற்றியும் செய்தி வந்தது. அந்த ஒற்றை இளைஞனைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன். ஓடினான், வென்றான். ஆனால் 100 மீட்டர் என்பது பக்கத்துத் தடத்தில் இன்னொருவனின் மூச்சு கேட்கும்போதுதான் ஓட்டம். அவனுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. ஒரு பந்தயம் கிடைக்கவில்லை. தனியாக ஓட விடப்பட்டான்.

இங்கே சென்னையில், மேற்கே பூந்தமல்லி போகும் டிரங்க் ரோட்டில் போரூர் வருகிறது. அங்கே ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தில், பந்துவீச்சாளரின் முழங்கை எத்தனை பாகை மடங்கி நிமிர்கிறது என்று அளக்கிறார்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்த கூடம் அது. பதினைந்து பாகைக்கு மேல் போனால் எறிதல் என்று கணக்கு. சுனில் நரைன், சயீத் அஜ்மல், முகமது ஹஃபீஸ் எல்லாரும் இங்கே வந்து, உடலெங்கும் குறிகள் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் கேமராக்கள் பார்க்கப் பந்து வீசிப்போனவர்கள். ஒரு கையின் வளைவு மட்டையாளருக்கு அநீதி ஆகிவிடக் கூடாது என்பதற்காக உலகம் இவ்வளவு மெனக்கெடுகிறது. அதை அளக்கும் அறிவும் கருவியும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு பேருந்து தூரத்தில் மாவட்டப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஓடும் பிள்ளைகளின் உடலில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை. பணம் புழங்கும் ஆட்டத்திலும் இந்தக் கேள்வி எளிதில் உள்ளே நுழைந்துவிடவில்லை. இந்திய கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் சோதனைக்குள் வருவதையே பல ஆண்டுகள் எதிர்த்தது. இருமல் மருந்தில் இருந்த டெர்புடலினுக்காக பிரித்வி ஷா எட்டு மாதத் தடை பெற்ற செய்தி வெளியான சில நாளில், 2019 ஆகஸ்டில்தான், அது இசைந்தது.

சாந்தி சௌந்தரராஜனையும் இங்கே நினைக்க வேண்டும். அதே தோஹா, அதே 800 மீட்டர், 2006 ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். வெள்ளி வென்றார், பாலினச் சோதனை என்ற பெயரில் பறித்தார்கள். அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறந்த உடலோடு ஓடினார். ஆனால் கோமதியின் செய்தி வந்தபோது பலர் இரண்டையும் சேர்த்தே பேசினார்கள், தமிழ்நாட்டுப் பெண்களுக்கு எப்போதும் இப்படித்தான் என்று. இரண்டும் ஒன்றில்லை. சாந்திக்கு நடந்தது சோதனை ஒரு மனுஷியைச் சிதைத்த கதை. சோதனை என்பதே அவமானம் என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஊறிப்போனதற்கு அந்தக் கொடுமையும் ஒரு காரணம். ஆகவே சோதனையைக் கூட்டச் சொல்கிறவர்கள், அது எவ்வளவு மரியாதையோடு, எவ்வளவு மறைவாக நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எல்லாரும் எடுக்கட்டுமே, திறந்துவிட்டால் சமமாகிவிடுமே என்று படித்த நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். பேஸ்பால் ஏறத்தாழ அப்படித்தான் ஒரு பத்தாண்டு இருந்தது. அப்போது வென்றவர்கள் நல்ல வேதியியலாளரை வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள். திறந்துவிட்டால் மருத்துவரும் இரத்தப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் வாய்த்தவன் ஒரு பக்கம், நண்பனின் பையிலிருந்து எடுத்த குப்பியோடு ஆவடிப் பையன் மறுபக்கம். அவன் அப்போதும் தோற்பான். கூடவே சிறுநீரகமும் போகும். மருந்து எடுக்க மறுக்கிற பெண்ணுக்கோ அந்த ஓட்டப்பாதையில் இடமே இருக்காது.

2022ல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 2030 காமன்வெல்த் அகமதாபாதுக்கு வருகிறது. 2036 ஒலிம்பிக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பெரிய கனவுகளுக்குள் ஒரு சிறிய விதி கண்ணில் படாமல் கிடக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின்படி, சிறார் ஒருவர் சிக்கினாலும், ஒரே பயிற்சியாளரிடமிருந்து ஒன்றுக்கு மேற்பட்டவர் சிக்கினாலும், அவர்களைச் சுற்றி இருந்தவர்களைத் தானாகவே விசாரித்தாக வேண்டும். யாரும் புகார் தர வேண்டியதில்லை. பயிற்சியாளர், மருத்துவர், ‘சப்ளிமென்ட்’ வாங்கித் தந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். அந்த விசாரணைகள் திருச்சியிலும் திருவள்ளூரிலும் மாவட்டம் வரை இறங்கி வர வேண்டும். முடிவுகள் வீரரின் பெயரைப் போலவே பெயரோடு வெளியாக வேண்டும்.

இன்னொன்று மாநில அரசு தானாகவே செய்யக்கூடியது. மாநிலப் போட்டியில் ஒவ்வோர் ஓட்டத்திலும் முதல் நால்வரின் மாதிரியை எடுத்து, முடிவு வந்த பிறகு சான்றிதழில் கையெழுத்திடலாம். செலவாகும் என்பார்கள். பதக்கம் வென்று வருபவருக்கு விமான நிலையத்திலேயே இலட்சங்களை அறிவிக்கும் மாநிலத்துக்கு அந்தச் செலவு பெரிதில்லை. மூன்று வாரமோ நான்கு வாரமோ தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். ஃபார்ம் டூ-வுக்காகப் பல வருடம் விடியும் முன்பே எழுந்த பெண், தன் பெயர் மூன்றாவது வரிசைக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதம் காத்திருப்பாள்.